மீக்கேயின் ஸ்டூலுக்கு அடியில்

எனக்கு அருவருப்பு சீக்கிரம் வரும். காலை முழுக்க ரொட்டிக்கடையில் நிற்கிறவள் நான். மூக்கைத் துடைத்த கையாலேயே ரொட்டியை அமுக்கிப் பார்க்கிறவர்கள், எச்சில் தொட்டு நோட்டை நீட்டுகிறவர்கள் என்று தினமும் ஊர்வலம்தான். வீட்டுக்கு வந்து சோப்புப் போட்டுக் கழுவினால் அதெல்லாம் போய்விடும். ஆனால் என் எதிர்வீட்டு ரோஸ்விதாவின் அடுப்படியில் நடந்தது மட்டும் இன்றைக்கும் என்மேல் ஒட்டிக்கொண்டு கிடக்கிறது. எந்தச் சோப்புக்கும் அது போகமாட்டேன் என்கிறது.

ஜெர்மனியின் நிலக்கரிப் பூமியில், ஹெர்னே ஊரில், மூடிய சுரங்கத்துக்குப் பின்னால் இருக்கிறது எங்கள் கட்டடம். இரண்டாம் மாடியில் நேருக்கு நேர் இரண்டு கதவுகள். ஒன்று என்னுடையது, இன்னொன்று ரோஸ்விதாவுடையது. ஆளைப் பார்த்தால் கதவே நடந்து வருவதுபோல் இருப்பாள். நகராட்சி நீச்சல்குளத்தில் காவலுக்கு நின்றவள். ஓடுகிற பிள்ளையை ஒரே விசிலில் நிறுத்துவாள். முழங்கால் தேய்ந்ததும் அவளைக் கொண்டுபோய் டிக்கெட் கொடுக்கிற கூண்டில் உட்கார வைத்தார்கள். அங்கேயும் விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டுதான் உட்கார்ந்தாள். கல்யாணம் காட்சி எதுவும் இல்லை. "ஒருத்தன் வந்தான் மார்லீஸ். என் தொண்டையக் கேட்டுட்டு பஸ் ஏறிப் போயிட்டான்," என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

அப்படிப்பட்டவள், குளத்து வேலையை விட்டதும், அரசாங்கம் வளர்க்கக் கொடுக்கிற குழந்தை ஒன்றைக் கேட்டு எழுதிக் கொடுத்தாள். இந்த வயதில் இவளுக்கு எதற்கு இந்த வேலை என்று கட்டடமே வாய் மென்றது. பனிக்காலத்தில் குழந்தை வந்தது. பெயர் மீக்கே. இரண்டரை வயது என்றார்கள், பார்த்தால் ஒன்றரைக்கு மேல் சொல்ல முடியாது. அவளுடைய சொத்து முழுக்க ஒரு பிளாஸ்டிக் பைக்குள் அடங்கிவிட்டது.

மீக்கே சாப்பிடவில்லை. அடம் இல்லை, அழுகை இல்லை. வாயில் வைப்பாள், மெல்லுவதுபோல் காட்டுவாள், யாரும் பார்க்காத நேரம் சட்டைக் கைக்குள் துப்பி வைப்பாள். ராத்திரி உடுப்பு மாற்றும்போது ஊறிப்போன ரொட்டி கொத்துக்கொத்தாக விழும். அதற்கு முன் இருந்த வீட்டில் அவளுக்கு எதை எதில் கலந்து கொடுத்தார்களோ! எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லாததே நல்லது, சொல்லியிருந்தால் நான் தேடிப் போய் உதைத்திருப்பேன்.

குழந்தைகள் நல அலுவலகத்திலிருந்து ஒரு அம்மாள் எடை பார்க்க வந்தாள். கெட்டவள் இல்லை, ஆனால் அவள் சொன்னதை நான் சொல்லித்தான் தீரவேண்டும். "எடை ஏறியே ஆகணும். இல்லைன்னா ஆஸ்பத்திரியில மூக்கு வழியா குழாய் போட்டுத்தான் ஊட்டணும். அப்புறம் இந்த வீடு இவளுக்குச் சரியான இடம்தானான்னும் யோசிக்க வேண்டி வரும்."

வழி தற்செயலாகத் தெரிந்தது. ஒரு மத்தியானம் உருளைக்கிழங்கு அடைக்கு அவள் கிழங்கைத் துருவிக்கொண்டிருந்தாள். மீக்கே அவள் கால்களைக் கட்டிக்கொண்டு விடவில்லை, வேறு வழியில்லாமல் தூக்கி இடுப்பில் வைத்தாள். முழுக் கிழங்கு துருவலாவதை மீக்கே பார்த்தாள். முட்டை உடைவதைப் பார்த்தாள். மாவு விழுவதைப் பார்த்தாள். தான் பார்த்ததைத் தவிர வேறு எதுவும் அந்தக் கிண்ணத்துக்குள் போகவில்லை என்று அவளுக்குத் திருப்தியான பிறகு, தட்டில் வைத்த அடையில் பாதியைத் தின்றாள். மென்று, விழுங்கி, வாயைத் திறந்தும் காட்டினாள். ரோஸ்விதா என் கதவை இடித்த இடியில் நான் தீப்பிடித்துவிட்டது என்றே ஓடினேன்.

"மார்லீஸ்! தின்னுட்டாடி! அவ கண்ணு முன்னால சமைச்சா திங்கறாடி!"

ஆக, மீக்கே அடுப்படி மேடை எட்டும்படி நிற்கவேண்டும். அதுவும் தினமும். முழங்கால் போனவள் ஒரு இடுப்பில் பிள்ளையும் மறு கையில் சூடான சட்டியுமாக எத்தனை நாள் நிற்பாள்? குழந்தை ஏறி நிற்க ஒரு ஸ்டூல் வேண்டும்.

ஸ்டூல்தானே என்று நினைத்தேன். அவள் ஸ்டூல் தேடியதை நீங்கள் பார்த்திருக்கவேண்டும். மாப்பிள்ளை தேடுகிறவர்கள் தோற்றார்கள்.

முதலில் அவள் தம்பி ஊடோ வந்தான். துளைபோடும் கருவி ஒன்று கையில் இருந்துவிட்டால் எங்கள் ஊர் ஆண்பிள்ளைகளுக்குத் தலைகால் புரியாது. ஒரு ஸ்டூலின் மேல் இன்னொன்றைக் கவிழ்த்துத் திருகி, நாலு பக்கமும் கம்பு அடித்து, கோபுரம் என்று கொண்டுவந்து நிறுத்தினான். ரோஸ்விதா உருளைக்கிழங்கு மூட்டை ஒன்றை எடுத்து, மேல்கம்பில் ஒரு பக்கமாக மாட்டினாள். கோபுரம் மூட்டையோடு குப்புற விழுந்தது.

"நெட்டுல ஆயிரம் பேர் இதத்தான் செஞ்சு போடறாங்க, ரோஸி," என்றான், முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு.

"ஆயிரம் பேர் ஈரத் தரையிலதான் ஓடறாங்க. எத்தனை மண்டைக்கு நான் ஐஸ் வெச்சிருக்கேன்னு உனக்குத் தெரியுமா? எடுத்துட்டுப் போ. உன் பூச்சட்டியை வெச்சுக்கோ அதுல."

பிறகு என்னையும் இழுத்துக்கொண்டு கடைக்குப் போனாள். அங்கே ஒருத்தி, சிரிப்பை ஒட்டவைத்துக்கொண்டு, சறுக்குமரம் வைத்த ஸ்டூலைக் காட்டினாள். அடுப்புக்குப் பக்கத்தில் சறுக்குமரம்! இதிலே ஏறினால் குழந்தைக்குத் தன்னம்பிக்கை வருமாம், மூளை விரியுமாம். பெற்றவர்களின் பயத்தைச் சுரண்டித் தின்கிற இந்தப் பேச்சைக் கேட்டாலே எனக்குக் குமட்டும். அடுத்து மடக்குகிற வகை. ரோஸ்விதா கைப்பையிலிருந்து ஒரு கேரட்டை எடுத்தாள். ஆமாம், அதற்கென்றே கொண்டுவந்திருந்தாள். மடிப்பில் வைத்து மடக்கினாள். கேரட் இரண்டாகித் தரையில் உருண்டது.

"இது மீக்கேயோட விரல்," என்றாள். கடைக்காரியின் சிரிப்பு அப்போதுதான் உதிர்ந்தது.

பிளாஸ்டிக் ஸ்டூல் எடையே இல்லை, குழந்தை எம்பினால் பறந்துவிடும். இன்னொன்றில் பின்பக்கம் தடுப்பு இல்லை. கடைசியில் தேவாலயக் கூடத்தில் நடந்த குழந்தைச் சாமான் சந்தையில்தான் அது கிடைத்தது. பழைய கெட்டி மரம், இரண்டு படி, மேலே நிற்கிற பலகையைச் சுற்றி மூன்று பக்கமும் குழந்தையின் மார்பளவுக்குத் தடுப்பு, கால்கள் கீழே போகப்போக அகன்றிருந்தன. ஒவ்வொரு காலின் அடியிலும் தடித்த ரப்பர். ரோஸ்விதா மூட்டையை மாட்டிப் பார்த்தாள், அசையவில்லை. மண்டி போட்டு இரண்டு கையாலும் தள்ளிப் பார்த்தாள். பொறுத்துப் பொறுத்து, ஒரு முனகலோடுதான் நகர்ந்தது.

நான் குனிந்து அடியில் பார்த்தேன். சீ! யார் வீட்டுப் பிள்ளையோ வருஷக்கணக்கில் மூக்கைத் தோண்டி அந்தப் படிக்கு அடியிலேயே அப்பிவைத்திருந்தது. பாசிமணி கோத்ததுபோல் வரிசையாக, காய்ந்துபோய்.

"தூ! இதையா வாங்கப் போற? எனக்கு வாந்தி வருதுடி."

"மூக்குச்சளி கொதிதண்ணில போயிடும் மார்லீஸ். ஆடற கால் எதுல போகும்?"

வினிகர், சோடா உப்பு, கொதிநீர் என்று ஒரு சாயங்காலம் முழுக்கத் தேய்த்தாள். அடுப்பிலிருந்து தள்ளி, கழுவுதொட்டிப் பக்கம் அதற்கு இடம். கத்திகள் மறுகோடிக்குப் போயின. மீக்கே மேலே நிற்கும்போது ரோஸ்விதா ஒரு கைக்கு எட்டுகிற தூரத்தைத் தாண்டமாட்டாள்.

தினமும் மத்தியானம் மீக்கே அந்த ஸ்டூலைத் தானே தள்ளிக்கொண்டு வருவாள். தரை ஓடு, காலோ ரப்பர். கிர்ர்ர்ர் என்று கட்டடமே கேட்கிறமாதிரி ஒரு சத்தம். சத்தம் கேட்டால் குழந்தை சாப்பிடப்போகிறது என்று அர்த்தம். என் வீட்டில் இருந்தபடியே நான் காது கொடுத்துக் காத்திருப்பேன். அடை தின்றாள், முட்டை தின்றாள், ஆப்பிள் மசியலைக் கிண்ணத்தோடு நக்கினாள். எடை பார்க்க வந்த அம்மாள் எடைமுள்ளைப் பார்த்துவிட்டு முதல் தடவையாகச் சிரித்தாள்.

இப்போது கீழ்வீட்டு டெப்பேக்கு வருகிறேன். ஹெர் டெப்பே என்று மரியாதையாகத்தான் கூப்பிடுகிறோம், அவரும் எங்களை ஃப்ராவ் போட்டுத்தான் கூப்பிடுவார், என்ன செய்ய. பென்ஷன் வாங்குகிறவர், தனிக்கட்டை. எந்நேரமும் இருமல் மிட்டாயை நாக்கால் புரட்டிக்கொண்டே பேசுவார். பேச்சோடு பேச்சாக ஒரு சப்பு. குப்பைத் தொட்டி மூடியைத் திறந்து, யார் எந்தக் காகிதத்தை எந்தத் தொட்டியில் போட்டார்கள் என்று பார்க்கிற ஜென்மம். எங்கள் ஊரில் மத்தியானம் ஒன்றிலிருந்து மூன்று வரை சத்தம் கூடாது. மீக்கே சாப்பிடுகிற நேரம் ஒன்றேகால்.

படிக்கட்டில் என்னைப் பிடித்தார். "நான் ஒண்ணும் சொல்லல, ஃப்ராவ் மார்லீஸ். சும்மா சொல்றேன். நாற்காலிக்குக் கீழ ஒட்டற கம்பளித் துண்டு கடையில கிடைக்குது. நாலு துண்டு. மனுஷனுக்கு மனுஷன் ஒரு அனுசரணை வேணாமா?"

உண்மைதான், எங்கள் ஜனங்களுக்குத் தரையில் கீறல் விழுந்தால் நெஞ்சில் விழுந்தமாதிரி. நாற்காலி, மேசை, பூச்சட்டி, எல்லாவற்றின் காலுக்கும் கம்பளி ஒட்டுவோம். என் வீட்டிலும் உண்டு. ஆனால் குழந்தை ஏறி நிற்கிற ஸ்டூலுக்கு?

ரோஸ்விதாவிடம் அவர் நேரிலேயே கேட்டார். அவள் கதவில் சாய்ந்துகொண்டு பதில் சொன்னாள். "ஹெர் டெப்பே, கம்பளி ஒட்டினா வழுக்கும். வழுக்கினா குழந்தை விழும். அரை நிமிஷ சத்தம். காதுல பஞ்சு வெச்சுக்குங்க. பஞ்சு நான் தரேன்."

"பாப்போம், பாப்போம்," என்று சப்பிக்கொண்டே இறங்கிப் போனார்.

அவரிடம் ரோஸ்விதா வீட்டுச் சாவி ஒன்று இருந்தது. முழங்கால் வைத்தியத்துக்குப் போனபோது செடிக்குத் தண்ணீர் ஊற்றக் கொடுத்தது. திருப்பிக் கேட்க அவளுக்கும் தோன்றவில்லை, திருப்பிக் கொடுக்க அவருக்கும் தோன்றவில்லை. இங்கே அண்டை வீட்டுச் சாவி வைத்திருப்பது சகஜம்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை ரோஸ்விதா குழந்தையைத் தடுப்பூசிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். திரும்ப நேரமாகிவிட்டது. வந்ததும் வராததுமாகக் கிழங்கை வேகப் போட்டாள். மீக்கே வழக்கம்போல் ஸ்டூலைத் தள்ளிவந்து ஏறியிருக்கிறாள். தண்ணீர் பொங்கி அடுப்பில் வழிந்து சீறிக்கொண்டிருந்ததால் ஸ்டூல் சத்தம் இல்லாமல் வந்ததை ரோஸ்விதா கவனிக்கவில்லை. நானும் கேட்கவில்லை. இன்றைக்கு ஏன் கிர்ர் இல்லை என்று நினைத்துக்கொண்டே சாக்ஸ் மடித்துக்கொண்டிருந்தேன்.

தொம்மென்று ஒரு சத்தம். பிறகு ஒன்றுமே இல்லை. அழுகை இல்லை.

நான் ஓடிப்போனபோது மீக்கே தரையில் உட்கார்ந்திருந்தாள். கீழுதடு கிழிந்து மோவாயிலிருந்து ரத்தம் சொட்டியது. முட்டையை எடுக்க, மேடையைப் பிடித்துத் தடுப்புக்கு மேலே எம்பியிருக்கிறாள். அவள் கால் உந்தியதில் ஸ்டூல் ஐஸ்மேல் போவதுபோல் வழுக்கிச் சுவரில் போய் நின்றது. ரோஸ்விதாவின் கை சட்டையைப் பிடித்துவிட்டது, அதனால் மண்டை தப்பியது. உதடு மேடை விளிம்பில் இடித்துவிட்டது. குழந்தை அழாமல் எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் யாருக்கும் விவரிக்கமாட்டேன்.

ரத்தம் நின்றபிறகு ரோஸ்விதா ஸ்டூலைக் கவிழ்த்தாள். நாலு ரப்பரின் மேலும் சாம்பல் நிறத்தில் வட்டமாக நாலு கம்பளித் துண்டு. ஓரத்தில் பசை பிதுங்கி இறுகியிருந்தது. அதன்மேல் இருமல் மிட்டாய் வாசனை அடித்தது என்று சொன்னால் நான் கூட்டிச் சொல்கிறேன் என்பீர்கள். ஆனால் அடித்தது.

"நீ ஒட்டினியா?" என்று என்னைக் கேட்டாள்.

"எனக்கென்ன பைத்தியமா?"

அதற்குமேல் அவள் கேட்கவில்லை. மீக்கேயைத் தோளில் போட்டுக்கொண்டு கீழே இறங்கினாள். நான் பின்னாலேயே போனேன். டெப்பே கழுத்தில் துணி கட்டிக்கொண்டு சூப் குடித்துக்கொண்டிருந்தார் போல, அந்தத் துணியோடேயே கதவைத் திறந்தார்.

"நீங்க எங்க வீட்டுக்குள்ள போனீங்களா?"

"நல்லதுக்குத்தானே செஞ்சேன், ஃப்ராவ் ரோஸ்விதா." குரலில் பெருமை வேறு. "உயர்ந்த ரகம். உங்ககிட்ட ஒரு சென்ட் கேக்கல. பிச்சுக்கிட்டு வந்துடக் கூடாதுன்னு பசையும் போட்டேன். செருப்பைக் கழட்டிட்டுத்தான் உள்ள போனேன்."

செருப்பைக் கழற்றினாராம்! அடுத்தவள் வீட்டுக்குள் திருட்டுத்தனமாக நுழைந்து, குழந்தை நிற்கிற காலடியை வழுக்கவைத்துவிட்டு, செருப்பைக் கழற்றியதைச் சொல்லிக் காட்டுகிறார் மனிதர். சாக்ஸ் காலோடு அவர் அந்த அடுப்படியில் மண்டி போட்டு ஸ்டூலைக் கவிழ்த்திருப்பதை நினைத்தேன். எனக்கு உடம்பெல்லாம் புழு ஊர்ந்தது.

"இவ உதட்டைப் பாருங்க," என்றாள் ரோஸ்விதா.

அவர் பார்த்தார். சப்பினார். "பிள்ளைங்கன்னா விழும். பாத்துக்கறது பெரியவங்க பொறுப்பு. நான் ஒண்ணும் சொல்லல."

நான் வாயைத் திறந்தேன், ரோஸ்விதா தடுத்தாள். விசில் இல்லை, கத்தல் இல்லை. கையை மட்டும் நீட்டினாள். "சாவி."

கொண்டுவந்து கொடுத்தார். கொடுத்துவிட்டு, "வாங்கிக்கிட்டதுக்கு ஒரு கையெழுத்து போட்டுக் குடுங்க. நாளைக்கு ஒரு பேச்சு வரக் கூடாது பாருங்க," என்றார்.

தூ! மனுஷ ஜென்மமா இது! ரோஸ்விதா திரும்பி நடந்தாள். அவர் வாசலில் நான் நிஜமாகவே துப்பினேன். பிறகு நானே துடைத்தேன், ஏனென்றால் அந்த வாரம் படி கூட்டுகிற முறை என்னுடையது.

அதோடு மீக்கே அடுப்படிப் பக்கம் வருவது நின்றது. வாசலில் நின்று பார்ப்பாள், உள்ளே வரமாட்டாள். தூக்கினால் உடம்பை விறைத்துக்கொள்வாள். தட்டில் வைத்ததெல்லாம் மறுபடி சட்டைக் கைக்குள் போனது. ரோஸ்விதா பிளேடால் பசையைச் சுரண்டி, எண்ணெய் தடவி, சோப்பில் கழுவி, மறுபடி மூட்டை மாட்டிப் பார்த்தாள். குழந்தை பார்க்கட்டும் என்று வாசலுக்கு எதிரே உட்கார்ந்தே அதைச் செய்தாள். ஒவ்வொரு காலையும் தொட்டுக் காட்டினாள். "பாரு, ரப்பர். இது ரப்பர். இதுவும் ரப்பர்." மீக்கே பார்த்துக்கொண்டு நின்றாள். அவ்வளவுதான். பால் மட்டும் குடித்தாள், அதுவும் டப்பாவை அவள் முன்னால் உடைத்தால்தான்.

எடை பார்க்கிற அம்மாள் வரும் நாள் நெருங்கியது. "மூக்குல குழாய் போட்டா இவ மறுபடி வாயே திறக்க மாட்டா மார்லீஸ்," என்றாள் ரோஸ்விதா. "என்கிட்ட இருந்து கூட்டிட்டும் போயிடுவாங்க." மத்தியானங்களில் கட்டடம் செத்துக் கிடந்தது. டெப்பே படிக்கட்டில் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். "பாத்தீங்களா? இப்ப எவ்வளவு நிம்மதியா இருக்கு. மனசு வெச்சா முடியுது." அந்த மூஞ்சியில் அழுக்குத் தண்ணீரை ஊற்றாமல் விட்டதற்கு எனக்குச் சொர்க்கத்தில் இடம் உண்டு.

அம்மாள் வருவதற்கு முந்தின நாள். நான் வாளியும் துணியுமாகப் படி துடைத்துக்கொண்டிருந்தேன், டெப்பே தன் வாசலில் நின்று, மூலையில் தூசி இருக்கிறதா என்று என் துணியையே பார்த்துக்கொண்டிருந்தார். மேலேயிருந்து கிழங்கு துருவுகிற சத்தம் வந்தது. வழக்கம்போல் ரோஸ்விதா தனியாகத்தான் துருவுகிறாள் என்று நினைத்தேன். துருவல் நின்றது.

கிர்ர்ர்ர்.

நான் துணியைக் கீழே போட்டேன். டெப்பே கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "மணி ஒண்ணேகால் தாண்டிடுச்சு," என்றார்.

"ஹெர் டெப்பே, இன்னொரு வார்த்தை பேசினீங்க, இந்த வாளி உங்க தலையில. செருப்பைக் கழட்டிட்டே ஊத்துவேன்."

கதவை மூடிக்கொண்டார்.

ரோஸ்விதாவின் கதவு திறந்தே இருந்தது. நான் மேலே ஓடிப்போய் அடுப்படி வாசலில் நின்றேன். அவள் துருவியைக் கையில் பிடித்தபடி சிலையாகியிருந்தாள், என்னைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தாள். மீக்கே ஸ்டூலைக் கழுவுதொட்டிப் பக்கம் கொண்டுவந்து நிறுத்தியிருந்தாள். ஆனால் ஏறவில்லை. தரையில் குப்புறப் படுத்தாள். கன்னத்தை ஓட்டில் வைத்து, ஒற்றைக் கண்ணால் அடியில் பார்த்தாள். பிறகு விரலை நீட்டி ஒரு காலின் அடியைத் தொட்டாள். சுற்றி ஊர்ந்துபோய் அடுத்த கால். அடுத்தது. கடைசிக் காலையும் தொட்டுவிட்டு எழுந்து, இரண்டு கையாலும் ஸ்டூலை ஒரு தள்ளு தள்ளிப் பார்த்தாள், ரோஸ்விதா செய்வதுபோலவே. அதன்பிறகுதான் ஏறினாள்.

அன்றைக்கு அடையை முழுசாகத் தின்றாள். நான் ஒரு ஓரத்தில் நின்று மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தேன். மறுநாள் எடை கொஞ்சம் குறைந்துதான் இருந்தது, ஆனால் அந்த அம்மாள் தன் கண்ணாலேயே குழந்தை தின்பதைப் பார்த்தாள். குழாய் பேச்சை எடுக்கவில்லை. மீக்கே ரோஸ்விதாவிடமே இருக்கிறாள்.

இப்போது கன்னம் உப்பிவிட்டது, வாயும் வந்துவிட்டது. ரோஸ்விதாவின் விசிலை ஊதிக்கொண்டு வீட்டைச் சுற்றி வருகிறாள், அதற்கும் டெப்பே கடிகாரம் பார்க்கிறார். ஆனாலும் ஒவ்வொரு மத்தியானமும் ஏறுவதற்கு முன்னால் குப்புறப் படுத்து நாலு காலையும் தொட்டுப் பார்க்காமல் அவள் ஏறுவதில்லை. சாப்பாட்டில் எதையோ கலப்பார்கள் என்ற பயத்தோடு எங்களிடம் வந்த குழந்தை. காலுக்கு அடியிலும் எதையாவது ஒட்டுவார்கள் என்பதை எங்கள் கட்டடத்தில் கற்றுக்கொண்டாள்.